மாடு ஓட்டிய நாயும் மேடை ஏறிய நாயும்



'புளூயி' கேலிச்சித்திரத் தொடரைப் பார்க்காத பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் மிகச் சிலரே. பிரிஸ்பேன் நகரில் உருவாக்கப்பட்டு, 2018 அக்டோபரில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. நீல நிறத் தந்தை, செந்நிறத் தாய், நீல நிறத்தில் மூத்த மகள், செந்நிறத்தில் இளையவள் என ஒரு நாய்க் குடும்பத்தின் கதை. "டீச்சர், உண்மையிலேயே நீல நிறத்தில் நாய் உண்டா?" என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். உண்டு என்றேன். கறுப்பு முடியும் வெள்ளை முடியும் நெருக்கமாகக் கலந்து வளர்வதால் எட்ட நின்று பார்ப்பவருக்கு அது நீலமாகத் தெரிகிறது. குட்டிகள் பிறக்கும்போது பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். சில வாரங்கள் கழித்துத்தான் நிறம் ஏறும். "அந்த நாய் என்ன வேலை செய்யும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு ஒரு வரியில் விடை இல்லை. அது மாட்டின் குதிகாலைக் கடிக்கும். அந்தக் கடிக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றையும், அந்நாயின் குட்டியை இன்று எவ்வாறு பழக்குகிறார்கள் என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

1802-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நியூ சவுத் வேல்சுக்குக் குடியேறிய குடும்பங்களுள் ஜார்ஜ் ஹால் என்பவருடையதும் ஒன்று. அவருடைய மகன்களுள் ஒருவரான தாமஸ் சிம்சன் ஹால் குடியேற்ற நாட்டிலேயே பிறந்தவர். 1820-களில் ஹால் குடும்பத்தினர் சிட்னிக்கு வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் மாட்டுப் பண்ணைகளை நிறுவினர். டார்ட்புரூக் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. பிறகு லிவர்பூல் சமவெளிக்கும், அதற்கும் வடக்கே இன்றைய குவீன்ஸ்லாந்துக்கும் பண்ணைகள் பரவின. அந்தச் சமவெளி கமிலராய் மக்களின் நிலம் என்பதையும், மந்தைகள் முன்னேறிய ஒவ்வொரு கல் தூரமும் அம்மக்கள் இழந்த நிலம் என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் போவது முறையன்று. நாய் வளர்ப்பைப் பற்றிய நூல்கள் பலவும் இதைத் தொடாமலே கடந்துவிடுகின்றன.

பண்ணை பெருகியது, சந்தையோ சிட்னியில் இருந்தது. வேலி இல்லை, சாலை இல்லை, இடையே மலையும் புதர்க்காடும். மனிதரையே அதிகம் பார்த்திராத அரைக்காட்டு மாடுகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக்கொண்டு வர வேண்டும். குதிரை மேல் இருக்கும் மாடோட்டிகள் நால்வர் ஐவரால் ஆகக்கூடிய வேலையா அது? புதருக்குள் புகுந்த மாடு திரும்பாது. குடியேறியவர்களிடம் அப்போது இருந்தவை 'ஸ்மித்ஃபீல்டு' நாய்கள். இலண்டன் மாநகரின் மாட்டுச் சந்தையின் பெயரைத் தாங்கியவை. அடர்ந்த முடி, பருத்த உடல், ஓயாத குரைப்பு. பட்டிக்குள் வேலை செய்ய அவை போதும். வெயிலில் நெடுந்தொலைவு நடக்க அவற்றால் இயலவில்லை. மேலும், குரைப்பொலி கேட்டு மிரண்டு ஓடும் மாடு எடை இழக்கும். சந்தைக்கு வந்து சேரும்போது எலும்பும் தோலுமாய் இருக்கும் மாட்டை யார் வாங்குவார்?

ஹாலின் பெற்றோர் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்து வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து மாடோட்டிகள் வைத்திருந்த நீலப்புள்ளி நாய்களை அவர் வரவழைத்தார். அவற்றைப் பழக்கிய டிங்கோக்களோடு இணை சேர்த்தார். டிங்கோ குரைப்பது அரிது, வெயிலுக்கு அஞ்சாது, பின்னாலிருந்து ஓசையின்றி அணுகும் வேட்டை விலங்கு. 1840-ஆம் ஆண்டளவில் அவர் எதிர்பார்த்த நாய் உருவாகிவிட்டது. 'ஹால்ஸ் ஹீலர்' என்ற பெயர் அப்படி வந்தது. ஹீலர் என்றால் குதிகாலைக் கவ்வுவது என்று பொருள்.

டிங்கோவைப் பற்றி இடையில் ஒரு சொல். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மக்கள் சென்றதாக 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வைப் பிடித்துக்கொண்டு, 'டிங்கோ தமிழன் கொண்டுபோன நாய்' என்ற செய்தி நம்மவரிடையே இன்றும் சுற்றி வருகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அதன்பின் வந்த ஆய்வுகள் அம்முடிவுக்கு ஆதரவாக இல்லை. டிங்கோவின் மிக நெருங்கிய உறவு நியூ கினியாவின் பாடும் நாய். நல்லார்பார் சமவெளியில் உள்ள மதுரா குகையில் கிடைத்த டிங்கோ எலும்புகள் மூவாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டவை. அக்குகையின் பெயரைக் கேட்டு மதுரையோடு முடிச்சுப் போடுவதும் வேண்டா!

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் சிட்னியில் வாழும் என் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஹன்டர் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். அங்கேதான் இந்நாய் வேலை செய்வதை நேரில் கண்டேன். நம் ஊர் நாய் மாட்டைப் பார்த்தால் முன்னால் நின்று குரைக்கும். இது பின்னால் போனது. ஓசையே இல்லை. மாட்டின் பின்னங்கால்களுள் எது உடலின் பாரத்தைத் தாங்கி நிற்கிறதோ அந்தக் காலின் குதியைக் கவ்வியது. மறுகணமே வயிறு தரையில் படப் படுத்துவிட்டது. மாடு உதைத்தது, உதை நாயின் தலைக்கு மேலே போயிற்று. பாரம் தாங்கும் காலை ஏன் கடிக்க வேண்டும் என்று கேட்டேன். அந்தக் காலால் உடனே உதைக்க முடியாது, பாரத்தை மறுகாலுக்கு மாற்றிய பின்தான் உதைக்க முடியும், அந்த ஒரு நொடிதான் நாய்க்கு உயிர் என்றார் பண்ணைக்காரர். இதை யார் கற்பித்தது என்று கேட்டதற்குச் சிரித்தார். அதைக் கற்பிப்பதில்லை, அது பிறவியிலேயே வருகிறது. எப்போது கடிக்கக் கூடாது என்பதைத்தான் கற்பிக்கிறோம் என்றார்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உளவியல் பாடத்திற்கு நான் எழுதிய பக்கங்கள் பல. அவற்றில் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதையும் எழுதிய நினைவில்லை.

குட்டியை ஏறத்தாழ எட்டு வார வயதில் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவது வழக்கம். அடுத்த ஆறேழு வாரங்கள் மிக முக்கியமானவை. இந்தக் காலத்தில் குட்டி கண்ட மனிதர், கேட்ட ஓசை, மிதித்த தரை எல்லாம் அதற்குப் பழகிய உலகமாகிவிடுகின்றன. காணாதவை பின்னாளில் அச்சமாகின்றன. பண்ணைக் குட்டியும் கண்காட்சிக்குப் போகும் குட்டியும் இந்தக் கட்டத்தில் ஒன்றே. குழந்தைகள், லாரி, இரும்புக் கதவின் ஓசை, பிற நாய்கள் என எல்லாவற்றையும் சிறிது சிறிதாகக் காட்ட வேண்டும். இவ்வினக் குட்டிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மாடு இல்லாத வீட்டில் ஓடும் குழந்தையின் குதிகாலே அதற்கு மாடு. அடித்தால் நிற்காது; இது முரட்டுத்தனம் அன்று, அதன் தொழில். கவ்வ வேண்டிய பொருளைக் கையில் கொடுத்து, காலைக் கவ்வினால் விளையாட்டே நின்றுபோகும் என்று உணர்த்துகிறார்கள். ஓடும் குழந்தை அசையாமல் நிற்கப் பழகுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. எனவே பயிற்சி நாய்க்கு மட்டும் அன்று.

அப்படியே காதையும் சோதிக்க வேண்டும். வெண்ணிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை இவ்வினத்தில் உண்டு. ஒரு காது மட்டும் கேளாத குட்டி பார்வைக்கு முற்றிலும் சாதாரணமாக இருக்கும். பட்டிக்குள் ஆணை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிக்கும்போதுதான் குறை வெளிப்படும். மூளையின் மின்னதிர்வைப் பதிவு செய்யும் கேட்டல் சோதனையால் குட்டிப் பருவத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். 'சொன்னால் கேட்பதில்லை' என்று நாம் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குச் செவிப்புலன் சோதனை செய்திருக்கிறோம்?

மாட்டிடம் விடுவதற்கு அவசரம் கூடாது. எலும்பு முற்றாத குட்டி ஓர் உதையில் தாடை உடைந்துபோகும்; உடம்பு தேறினாலும் மனம் தேறாது. ஏறத்தாழ ஓராண்டு நிறையும் வரை கற்பிப்பவை மூன்றே: அழைத்தால் வருவது, சொன்னால் படுப்பது, கயிறு இல்லாமலும் இதைச் செய்வது. மந்தையை முதலில் காட்டும்போது வாத்துக் கூட்டமோ சாதுவான சில ஆடுகளோ போதும். வட்டமான சிறு பட்டிக்குள், நீண்ட கயிற்றோடு விடுவார்கள். வலமாகச் சுற்றுவதற்கு ஒரு சொல், இடமாகச் சுற்றுவதற்கு ஒரு சொல். குட்டி தானாக வலமாகப் போகும்போது வலத்தின் சொல்லைச் சொல்வார்கள். சொல் செயலுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. பத்து நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுவார்கள், குட்டி இன்னும் வேண்டும் என்று ஏங்கும்போதே. பழைய மாடோட்டிகள் இளநாயை முதிர்ந்த நாயோடு சேர்த்து அனுப்பிப் பழக்கினர். அம்முறை இன்றும் உண்டு. ஆனால் கிழநாயின் கெட்ட பழக்கமும் சேர்ந்து வரும் என்று பலர் அதைத் தவிர்க்கின்றனர். பின்னர் பால்குடி மறந்த கன்றுகள். அதன்பின்தான் மாடு.

இனி, இந்நாய் மேடை ஏறிய கதைக்கு வருவோம். அது 1870-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு தாமஸ் ஹால் இறந்தார். அதுவரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நாய்கள் ஹால் குடும்பத்தின் பண்ணைகளை விட்டு வெளியே போகவில்லை. அவர் மறைவுக்குப் பின் பண்ணைகள் விற்கப்பட்டன. நாய்கள் பலர் கைக்குச் சென்றன. 1890-களில் சிட்னியில் நாய்களைக் கண்காட்சியில் நிறுத்துவதில் ஆர்வம் கொண்ட சிலர் இவற்றைக் கவனித்தனர். பேகஸ்ட் சகோதரர்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். அவர்களிடையே இருந்த இளைஞர் ராபர்ட் கலெஸ்கி, 1877-இல் பிறந்தவர், நல்ல எழுத்தாற்றல் மிக்கவர். நாயின் தலை எப்படி இருக்க வேண்டும், காது எப்படி நிமிர வேண்டும், வால் எவ்வளவு வளைய வேண்டும் என்று அவர் வகுத்த தர வரையறை 1903-இல் அச்சேறியது. ஓர் இனத்துக்கு இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்பார்கள் நம் முன்னோர், இங்கும் அப்படித்தான். ஆனால் இலக்கணம் எழுதிய குழுவினர் நாள்தோறும் மாடு ஓட்டிப் பிழைத்தவர்கள் அல்லர்.

கலெஸ்கி இலக்கணத்தோடு வரலாற்றையும் எழுதினார். பாதர்ஸ்ட் பகுதியின் டிம்மின்ஸ் என்பவர் உருவாக்கிய கடிநாய்கள், ஹால் வரவழைத்த ஸ்காட்டிய கோலிகள், குதிரையிடம் பற்று வருவதற்காகச் சேர்த்த டால்மேஷியன், வேலைத்திறன் மீள்வதற்காகச் சேர்த்த கெல்பி என்று சமையற்குறிப்புப் போல ஒரு வரிசையைத் தந்தார். படிக்கச் சுவையான கதை. நூறாண்டுக் காலம் நாய் நூல்கள் எல்லாம் அதையே திருப்பி எழுதின. ஹால் குடும்பத்தின் ஆவணங்களைத் தேடிப் படித்த ஆய்வாளர்கள் வேறொரு சித்திரத்தைக் கண்டனர். நோரீன் கிளார்க் 2003-இல் வெளியிட்ட 'நீலம் என்றொரு நாய்' என்ற பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் அதை விரிவாக எடுத்துரைத்தது. நான் மேலே சொன்ன நார்தம்பர்லாந்துக் கதை அவ்வாய்வின் பயன்தான். கலெஸ்கியைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லையென்றால் இந்நாய்க்கு இவ்வளவு பெயரே வந்திராது. ஆயினும் பண்ணையில் மாடோட்டிய கூலிகளும், கமிலராய் மண்ணிலேயே பிறந்து குதிரையேறிய பூர்வகுடி மாடோட்டிகளும் அறிந்திருந்ததை யாரும் கேட்டு எழுதவில்லை. பேனா யாரிடம் இருந்ததோ அவர் சொன்னது வரலாறாயிற்று. நம் தோட்டப்புற வரலாற்றைத் துரைமார்களின் குறிப்பேடுகளில் மட்டும் தேடும் நமக்கு இது புதிதன்று.

மேடைப் பயிற்சியை இழிவாகச் சொல்வது என் நோக்கமன்று. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் மூன்று மாதக் குட்டிகளுக்கே தனி வகுப்பு வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள். அறிமுகமில்லாத நடுவர் வந்து வாயைத் திறந்து பல்லை எண்ணினாலும், முதுகைத் தடவினாலும், காலைத் தூக்கினாலும் குட்டி அசையாது நிற்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவராக இதைச் செய்து பழக்குவார்கள். பிறகு, உடைமையாளரின் இடப்பக்கம் தளர்ந்த கயிற்றோடு சீரான ஓட்டம். நடுவர் அந்த ஓட்டத்தில்தான் தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் அமைப்பைப் படிக்கிறார். வரையறை ஆண் நாய்க்கு 46 முதல் 51 சென்டிமீட்டர் வரையும், பெண் நாய்க்கு 43 முதல் 48 சென்டிமீட்டர் வரையும் உயரம் சொல்கிறது. ஏன் அவ்வளவு குள்ளம்? உதைக்குக் கீழே படுக்க வேண்டுமே! மேற்பல் கீழ்ப்பல்லைக் கத்தரிக்கோல் போல் ஒட்டி மூட வேண்டும் என்பதும் கடிக்கும் வேலைக்காகத்தான். வரையறையே அக்காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. வேலையை அறிந்து படிப்பவருக்கு வரையறையின் ஒவ்வொரு வரியும் மாட்டுப் பட்டியில் பிறந்தது என்று விளங்கும். வேலையை அறியாதவருக்கு அது வெறும் அளவுப் பட்டியல். மேலும், பாரம் தாங்கும் காலைத் தேர்ந்தெடுக்கும் அந்த அறிவை எந்த நடுவரும் தொட்டுப் பார்க்க முடியாது.

இந்தப் பிளவு ஒருமுறை பெரும் வழக்காகவே வெடித்தது. 1940-களில் சிட்னிக் கால்நடை மருத்துவர் ஆலன் மெக்நிவன் தம் நாய்களில் மீண்டும் டிங்கோ, கெல்பி, ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றின் இரத்தத்தைக் கலந்தார். உருவமும் குணமும் சரியாகவே இருக்கின்றன என்பது அவர் வாதம். பதிவுச் சங்கம் ஏற்கவில்லை. இறந்துபோன நாய்களின் சான்றிதழ்களைப் புதுக் குட்டிகளுக்கு வைத்து அவர் பதிந்தார். அதனால் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார், அவர் நாய்களின் பெயர்களும் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன. சான்றிதழை மாற்றி வைத்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் நீக்கப்பட்ட நாய்கள் மாடு ஓட்டுவதை நிறுத்திவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் இருந்த கலிபோர்னியா மாட்டுப் பண்ணையாளர் ஒருவர் அவரிடமிருந்து நாய்களை வரவழைத்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் 'குவீன்ஸ்லாந்து ஹீலர்' என்ற பெயரில் அமெரிக்கப் பண்ணைகளில் பரவின.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆர்வலர்கள் ஒரு சங்கம் தொடங்கி, தங்கள் நாட்டின் தேசிய நாய்ச் சங்கத்திடம் அங்கீகாரம் கேட்டனர். விதிக்கப்பட்ட நிபந்தனை எளியது, கொடியது: ஆஸ்திரேலியப் பதிவேட்டில் மூதாதையர் பெயர் இருக்கும் நாய்களுக்கு மட்டுமே இடம். சங்கத்தைத் தொடங்கியவர்களுள் பலர் தங்கள் வீட்டு நாய்க்கே அச்சான்று இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தனர். 1980-இல் அங்கீகாரம் கிடைத்தது. நல்ல வேலை நாய்கள் பல பதிவேட்டுக்கு வெளியே நின்றன. குலச்சான்று இல்லை என்பதற்காகத் திறமை வெளியே நிற்பதைப் படிக்கும்போது எனக்கு நாயின் நினைவு மட்டும் வரவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிச் சேர்க்கைக்கு அலைந்த சில பிள்ளைகளின் முகங்களும் வந்தன.

இன்று இரு தரப்பும் ஒன்றையொன்று முற்றிலும் மறந்துவிடவில்லை. மந்தை உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை நாய்ச் சங்கங்களே நடத்துகின்றன. கண்காட்சியில் பட்டம் பெற்ற நாயை, வாழ்நாளில் ஆட்டையே கண்டிராததை, பட்டிக்குள் விடுகிறார்கள். சில நாய்கள் உரிமையாளரின் காலடியில் ஒண்டிக்கொள்ளும். சில நாய்கள் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திப் பின்பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கும்.

ஆஸ்திரேலியப் பெரும்பண்ணைகளில் இப்போது மோட்டார் சைக்கிளும் ஹெலிகாப்டரும் மந்தையைத் திரட்டுகின்றன. நெடுந்தொலைவை மாடுகள் லாரியில் கடக்கின்றன. ஆனால் திரட்டிய மாட்டைக் குறுகிய சாய்தளத்தின் வழியே லாரியில் ஏற்றுவதற்கு ஹெலிகாப்டர் உதவாது. நான் சென்ற பண்ணையில் அந்த நீல நாய்க்கு மிச்சமிருந்த முக்கிய வேலை அதுதான். கடைசி மாடு ஏறி, ஓட்டுநர் பின்கதவை அடைத்துத் தாழிட்டதும், அது லாரியின் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.